பயிர் இனப்பெருக்கம் பயிலும் மாணவர்களுக்கு: சோளத்தின் மரபணுக்கள் குறித்து ஒரு திறந்த மடல்



உலகத் தானிய உற்பத்தியில் மக்காச்சோளம், கோதுமை, நெல், பார்லி ஆகியவற்றுக்கு அடுத்து ஐந்தாம் இடத்தில் நிற்கும் சோளம், மரபியல் நோக்கில் மிகத் தெளிவாகப் படித்தறியப்பட்ட தானியங்களுள் ஒன்றாக இன்று விளங்குகிறது. பயிரின் உயரம், பூக்கும் காலம், தட்டையின் சாறு, மணியின் துவர்ப்பு, இளம்பயிரின் நச்சு, மணி உதிராமை எனப் பல பண்புகளுக்குக் காரணமான மரபணுக்கள் கடந்த முப்பது ஆண்டுகளில் ஒவ்வொன்றாக அடையாளம் காணப்பட்டுள்ளன. ஆனால் இவ்வறிவு வளர்ந்த அதே காலத்தில், அம்மரபணுக்களின் பல்வேறு வடிவங்களைத் தம்முள் தாங்கியிருந்த நாட்டுச் சோள ரகங்கள் தமிழ்நாட்டின் கரிசலிலும் செம்மண் மானாவாரி நிலங்களிலும் விதைப்பாரின்றி அருகிவிட்டன. இம்மடல் முன்வைப்பது ஒரே ஒரு கருத்தைத்தான்: நிலத்தையும் பருவத்தையும் விலக்கி வைத்துவிட்டு எந்தச் சோள மரபணுவையும் நல்லது என்றோ தீயது என்றோ மதிப்பிட இயலாது; குறை என்று கழிக்கப்பட்ட பண்புகளுள் பல, ஏதோ ஒரு நிலத்தின் தேவைக்கு உழவர்கள் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்த விடைகள். இக்கருத்துக்கான சான்றுகள் சோளத்தின் உயிரியலிலேயே நிறைந்து கிடக்கின்றன.

முதலில் பயிரின் அடிப்படை அமைப்பைப் பார்க்கலாம். சோளம் புல் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்துக்குள் கரும்பு அதற்கு மிக நெருங்கிய உறவு, மக்காச்சோளம் சற்றுத் தள்ளிய உறவு. கரும்புக்கும் சோளத்துக்கும் உள்ள நெருக்கம் எத்தகையது என்பதைக் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் டி. எஸ். வெங்கட்ராமன் 1930 வாக்கில் இவ்விரண்டையும் ஒட்டுச் சேர்த்து விதை எடுத்துக் காட்டினார். சோளத்தின் ஒவ்வொரு உயிரணுவிலும் பத்து இணைக் குரோமோசோம்கள், அதாவது மரபணுக்களைத் தாங்கி நிற்கும் நுண்ணிழைகள், உள்ளன. இப்பத்து இணைகளிலும் எழுதப்பட்ட முழு மரபுத் தொகுதி 2009-இல் வெளியிடப்பட்டது. தானியங்களுள் நெல்லுக்கு அடுத்தபடியாக முழுத் தொகுதியும் படிக்கப்பட்டது சோளத்துக்குத்தான். அத்தொகுதியின் நீளம் ஏறத்தாழ 73 கோடி எழுத்துகள், அதிலுள்ள மரபணுக்கள் ஏறத்தாழ 30,000. நெல்லின் தொகுதி இதில் பாதியை விடச் சற்றே பெரியது. மக்காச்சோளத்தின் தொகுதி இதைப் போல் மூன்று மடங்கு. மக்காச்சோளத்தின் முன்னோர், சோளத்திலிருந்து பிரிந்த பின்னர் தம் மரபுத் தொகுதி முழுவதையும் ஒருமுறை இரட்டித்துக்கொண்டனர். சோளத்துக்கு அவ்வாறு நேரவில்லை. ஆகையால் ஒரு பண்புக்குக் காரணமான மரபணு பழுதுபட்டால் அதன் வேலையை ஏற்றுச் செய்ய இன்னொரு படி பெரும்பாலும் இருப்பதில்லை, விளைவு பயிரில் உடனே தெரிந்துவிடுகிறது. மரபியல் கற்பதற்குச் சோளம் உகந்த பயிர் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும் அதன் ஆற்றல் இலையின் உள்ளமைப்பிலிருந்து தொடங்குகிறது. நெல்லின் இலையில் காற்றிலுள்ள கரியமில வாயுவை நேரடியாகப் பற்றும் நொதி, வெப்பம் கூடும்போது தவறுதலாக உயிர்வளியையும் பற்றிக்கொள்வதால் சேர்த்த ஆற்றலில் ஒரு பகுதி வீணாகிறது. சோளத்தின் இலையில் இவ்வேலை இரண்டு வகை உயிரணுக்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது. வெளிப்புறத்து இலையிடை உயிரணுக்கள் கரியமில வாயுவைப் பற்றி நான்கு கரியணுக்கள் கொண்ட அமிலமாக மாற்றி, நரம்பைச் சூழ்ந்திருக்கும் உறை உயிரணுக்களுக்கு அனுப்ப, அங்கே அது மீண்டும் வாயுவாக வெளிப்பட்டுச் செறிவாகத் தேங்குவதால் நொதி தடுமாறுவதற்கு இடமில்லாமல் போகிறது. இதனால் இலைத்துளைகளைக் குறைவாகத் திறந்தே தேவையான உணவைச் சேர்க்க முடிகிறது, குறைந்த நீரில் விளைச்சல் கிடைக்கிறது. இதற்கு மேல், கணுவை ஒட்டிய தோகையுறையின் மீது வெண்ணீறு பூசியது போல் படிந்திருக்கும் மெழுகும் உண்டு. விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் அம்மெழுகு, நீர் ஆவியாகி இழக்கப்படுவதைத் தடுப்பதோடு வெயிலையும் எதிரொளிக்கிறது.

இப்பயிர் மனிதர் கைக்கு வந்தது ஆப்பிரிக்காவின் வடகிழக்கில். கிழக்குச் சூடானில் கஸ்ஸலா நகரை அடுத்த பகுதியில், கி.மு. 3500க்கும் 3000க்கும் இடைப்பட்ட காலத்து மட்பாண்ட ஓடுகளில் சோள உமியின் பதிவுகள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் சில காட்டுச் சோளத்தின் தன்மையையும், சில பயிரிடப்பட்ட சோளத்தின் தன்மையையும் காட்டுகின்றன. இவ்வேறுபாட்டை அறிவதற்குச் சோளக் கதிரின் மிகச் சிறிய உறுப்பு ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். கதிர்க் கிளையில் சிறுகதிர்கள் இணை இணையாக அமைந்திருக்கும். ஒன்று காம்பின்றிக் கிளையோடு ஒட்டி அமர்ந்திருக்கும், மற்றது சிறு காம்பின் மேல் நிற்கும். காம்பில்லாதது மட்டுமே மணி பிடிக்கும். காம்புடையது ஆண்பூவாகவோ வெறும் உமியாகவோ முடிந்துவிடும். காட்டுச் சோளத்தில் மணி பிடித்த சிறுகதிர் முதிர்ந்ததும் அதன் அடியில் ஒரு பிரிவடுக்கு உருவாகி வழவழப்பான தழும்போடு தானாகக் கழன்று விழும். பயிரிடப்படும் சோளத்தில் அவ்வடுக்கு உருவாவதில்லை. கதிரடித்தால்தான் மணி பிரியும், பிரிந்த இடம் கிழிந்தது போலச் சொரசொரப்பாக இருக்கும். ஓடுகளில் பதிந்திருப்பது இந்தத் தழும்பின் வடிவமே. பிரிவடுக்கை உருவாக்கும் மரபணு 2012-இல் அடையாளம் காணப்பட்டபோது, அது ஒரே விதமாக அல்லாமல் குறைந்தது மூன்று வெவ்வேறு விதங்களில் பழுதுபட்டிருப்பது தெரியவந்தது. காட்டுச் செடிக்கு அம்மரபணுவின் பழுது பெருந்தீங்கு, ஏனெனில் விதை பரவாமல் கதிரிலேயே நின்றுவிடும். அரிவாளோடு வந்த உழவருக்கோ அதே பழுது வேளாண்மையின் தொடக்கம். ஒரே மரபணு நிலைமைக்கேற்ப நன்மையாகவும் தீமையாகவும் ஆவதற்கு இதுவே முதற்சான்று.

ஆப்பிரிக்காவிலிருந்து பரவிய சோளத்தை ஹார்லன், டி வெட் என்னும் அறிஞர்கள் 1972-இல் கதிரின் வடிவத்தையும் மணியின் வடிவத்தையும் கொண்டு பைகலர், கினி, காடாட்டம், காஃபிர், துர்ரா என ஐந்து இனங்களாக வகுத்தனர். இந்தியாவில் பெரிதும் பரவியது துர்ரா. இறுகிய, அடர்ந்த கதிரும் உருண்ட மணியும் கொண்ட அது வறண்ட காலத்தில் முற்றும் நிலங்களுக்குப் பொருந்துவது. மழை ஓயாத மேற்கு ஆப்பிரிக்கப் பகுதிகளில் கினி இனம் நிலைத்தது. அதன் கதிர் தளர்ந்து தொங்கும், முற்றும்போது உமி அகலத் திறந்து மணி பக்கவாட்டில் திரும்பி நிற்கும், ஆகவே மழையில் நனைந்தாலும் விரைவில் உலர்ந்துவிடும். தமிழ்நாட்டில் பெரிய மஞ்சள் சோளம், செஞ்சோளம், இருங்குச் சோளம், தலைவிரிச்சான் சோளம் என்று வழங்கிய நாட்டு ரகங்களுள் துர்ரா வகையும் உண்டு, கினியை ஒத்துக் கதிர் விரிந்து தொங்கும் வகையும் உண்டு. இரண்டு பருவமழைகளும் பல்வேறு மண்வகைகளும் கொண்ட ஒரு நாட்டில் இவை அனைத்தும் அருகருகே விளைந்ததில் வியப்பில்லை.

பயிர் இனப்பெருக்கத்தின் வரலாற்றில் மிகப் பெரிய கழித்தல் நிகழ்ந்தது பூக்கும் காலத்தில். சோளம் இயல்பில் குறும்பகல் தாவரம்; பகற்பொழுது ஓர் அளவுக்கு மேல் நீண்டிருக்கும் வரை பூக்காமல் இலையும் தட்டையுமாக வளர்ந்துகொண்டே இருக்கும், பகல் சுருங்கிய பிறகுதான் கதிர் விடும். இதைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களுள் முதன்மையானது 2011-இல் இனங்காணப்பட்டது. அதன் செயல்முறை அறிந்து மகிழத்தக்கது. செடியின் உட்கடிகாரம் அம்மரபணுவை நாளுக்கு இருமுறை, காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும், இயக்கத் தயாராகிறது. ஆனால் ஒளி இருந்தால் மட்டுமே அது முழுவதும் இயங்கும். பகல் நீண்டிருந்தால் மாலை வேளையிலும் ஒளி இருப்பதால் மரபணு இரண்டாம் முறையும் இயங்கிப் பூப்பதைத் தடுக்கும் புரதத்தை உண்டாக்குகிறது. பகல் குறுகிவிட்டால் அவ்வேளை இருளுக்குள் போய்விடுவதால் தடை நீங்கி, செடி பூக்கிறது. கோயம்புத்தூரின் அகலாங்கில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரமே. அச்சிறு வேறுபாட்டுக்குள் நிகழும் மாற்றத்தையே நாட்டு ரகங்கள் அளந்து, பூக்கும் நாளை முடிவு செய்கின்றன.

ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற சோளம் டெக்சாஸின் நீண்ட கோடைப் பகலில் பூக்கத் தாமதித்தது; பனி விழுவதற்குள் முற்றவில்லை. அங்கே இம்மரபணு பழுதான செடிகளே விளைந்தன, அவற்றையே உழவர்கள் எடுத்து வைத்துக்கொண்டனர். சில்லிகாத்தி என்னும் ஊரின் ஆய்வு நிலையத்தில் குவின்பி, கார்ப்பர் ஆகியோர் பூக்கும் காலத்தையும் உயரத்தையும் ஆளும் மரபணுக்களைப் பல ஆண்டுகள் ஒட்டுச் சேர்த்துப் பிரித்தறிந்தனர். 1963-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், வெப்பமண்டலத்து உயரமான, தாமதமாகப் பூக்கும் ரகங்கள் ஒவ்வொன்றும் போர்ட்டோ ரீக்கோவில் ஒட்டுச் சேர்க்கப்பட்டு, டெக்சாஸில் தெரிவு செய்யப்பட்டு, குட்டையாகவும் பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாதவையாகவும் மாற்றப்பட்டன. டெக்சாஸுக்கு அது முற்றிலும் தேவையான பணி, அதில் குறை காண ஏதுமில்லை.

அமெரிக்காவில் ஏற்கெனவே இருந்த குட்டையான, விரைவில் முற்றும் பெற்றோரைக் கொண்டு இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுச் சோளமான சி.எஸ்.எச். 1 1964-இல் வெளிவந்தபோது விளைச்சல் பெரிதும் உயர்ந்தது. ஆனால் விரைவில் முற்றும் அவ்வகை ஒட்டுகளில் காரீஃப் பருவத்தில், தென்மேற்கு மழை ஓய்வதற்கு முன்பே கதிர் முற்றியதால், மணி மழையில் நனைந்து பூஞ்சாணம் பிடித்துக் கறுத்தது. அந்தப் பூஞ்சாணத்தை வெல்வதற்கான ஆராய்ச்சி இன்றும் முடியவில்லை. பழைய ரகங்கள் முன்னே விதைத்தாலும் பின்னே விதைத்தாலும் ஏறத்தாழ ஒரே வாரத்தில், மழை ஓயும் தறுவாயில் பூத்தன என்பதுதான் அவற்றின் பாதுகாப்பு. மழை எப்போது தொடங்கும் என்று உழவரால் சொல்ல முடியாத நிலத்தில், மழை எப்போது ஓயும் என்பதைப் பகலின் நீளம் சொல்லிவிடுகிறது. அந்தச் செய்தியைப் படிக்கும் மரபணுவைத்தான் நவீனச் சோளம் இழந்தது. மகாராட்டிரத்தின் சோலாப்பூர்ப் பகுதியில் ரபி பருவச் சோளமாக இன்றும் பெரும்பரப்பில் விளைவது, 1930களில் நாட்டு ரகம் ஒன்றிலிருந்து தெரிவு செய்யப்பட்ட மால்தண்டி 35-1. மழை நின்ற பின் கரிசலில் எஞ்சிய ஈரத்தில் மட்டும் விளைய வேண்டிய அப்பருவத்தில், எத்தனையோ ஒட்டு ரகங்கள் வந்தும் அதன் இடத்தைப் பறிக்க முடியவில்லை.

உயரத்தின் கதையும் இதே வழியில் செல்கிறது. சோளத்தைக் குட்டையாக்கும் மரபணுக்கள் நான்கு எனக் குவின்பியும் கார்ப்பரும் 1954-இல் காட்டினர். அவற்றுள் மூன்றாவது, வளர்ச்சி ஊக்கியான ஆக்சினைத் தண்டில் மேலிருந்து கீழ் நோக்கிக் கடத்தும் புரதத்துக்கு உரியது என்பது 2003-இல் தெரியவந்தது. குட்டை ரகத்தில் அம்மரபணுவுக்குள் 882 எழுத்துகள் இரண்டு முறை அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கின்றன; அந்த இரட்டிப்பால் புரதம் செயலிழந்து கீழ்க்கணுக்களின் இடைவெளி சுருங்கிவிடுகிறது. இனச்செல்கள் உருவாகும்போது குரோமோசோம்கள் சற்றே இடம் மாறிப் பொருந்தினால் ஒரு படி கழன்று மரபணு மீண்டும் சீராகிவிடும். குட்டைச் சோள வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும் செடிகளைக் கலப்பு விதை என்று எண்ணிப் பிடுங்குவோர் உண்டு, ஆனால் அவற்றுள் சில இவ்வாறு தாமாகவே பழைய உயரத்துக்குத் திரும்பியவை. குட்டை ரகம் அறுவடை இயந்திரத்துக்கு உகந்தது; சாயாதது; மணி மட்டுமே வேண்டுவோருக்கு அதுவே சிறந்தது. கொங்குப் பகுதியிலோ கரிசல் காட்டிலோ மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு மணி பாதி, தட்டை பாதி. கோடையில் புல் கருகும்போது போரில் அடுக்கிய சோளத்தட்டைதான் கறவையைக் காப்பாற்றுகிறது. ரக ஒப்பீட்டு அட்டவணைகளில் மணியின் எடைக்கு முதல் இடம் கொடுத்து, தட்டையின் எடையைக் கடைசிப் பத்தியிலும் அதன் தரத்தை எங்கும் குறிக்காமலும் விடுவது, உழவரின் கணக்கில் பாதியை மறந்துவிடுவதாகும்.

தட்டையின் தரத்தைப் பொறுத்தவரை கோயம்புத்தூருக்கு ஒரு மரபு உண்டு, அதை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. அங்கே சிறுதானிய வல்லுநராகப் பணியாற்றிய ஜி. என். ரங்கஸ்வாமி ஐயங்காரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1930களில் சோளத்தின் தோகையுறை நிறம், மணி நிறம், கூர் முதலிய பண்புகள் தலைமுறைதோறும் எவ்வாறு பிரிகின்றன என்பதை ஒவ்வொன்றாக ஆய்ந்து எழுதினர். தட்டை சாறுள்ளதா சக்கையா, இனிப்பா சப்பா என்பவை மெண்டலின் விதிப்படி பிரிவதை அவர்கள் 1936-இல் பதிவு செய்தனர். தோகையின் நடுநரம்பைப் பார்த்தே இதைச் சொல்லிவிடலாம்; நரம்பு வெள்ளை வெளேரென்று இருந்தால் தட்டையின் உள்ளே காற்று நிறைந்த நெட்டி, மங்கிய பச்சையாக நீர்த்தன்மையோடு இருந்தால் சாறு. நரம்பும் தண்டும் ஒரே மரபணுவுக்கு அடங்கியவை என்பதால் இவ்வடையாளம் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. அம்மரபணு மூலக்கூறு அளவில் இனங்காணப்பட்டது 2018-இல். அது செயல்படும்போது தண்டின் உள்ளிருக்கும் உயிரணுக்களை முதிர்வில் சாகச் செய்து காற்றறைகளாக்குகிறது; அது பழுதாகிவிட்டால் உயிரணுக்கள் உயிரோடு நின்று சாற்றைத் தேக்குகின்றன. இனிப்புச் சோளம் என்று இன்று எத்தனால் ஆலைகளும் வெல்லப்பாகு காய்ச்சுவோரும் நாடும் வகை, இப்பழுதிலிருந்து பிறந்ததே.

இளம் சோளத்தின் நச்சு பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் கெட்ட பண்பு என்பதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் அதுதான். மழை பொய்த்து வாடி நிற்கும் இளம்பயிரிலோ அறுத்த பின் துளிர்த்த மறுதாம்பிலோ மேய்ந்த மாடு சிறிது நேரத்தில் மூச்சுத் திணறி விழுந்து இறப்பதை மானாவாரி ஊர்கள் அனைத்தும் அறியும். காரணம், துர்ரின் எனும் சர்க்கரைச் சேர்மம். டைரோசின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து மூன்று நொதிகள் அடுத்தடுத்து வேலை செய்து அதை உண்டாக்குகின்றன. அந்நொதிகளுக்கு உரிய மூன்று மரபணுக்களும் முதலாம் குரோமோசோமில் அக்கம்பக்கமாக அமைந்திருக்கின்றன. துர்ரின் தனியே நஞ்சு அன்று. இலையின் மேல்தோல் உயிரணுக்களில் அது அடைபட்டிருக்க, அதைச் சிதைக்கும் நொதி உள்ளிருக்கும் உயிரணுக்களில் காத்திருக்கிறது. மாடு மென்று திசுவைக் குலைக்கும்போது இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது, அது உடலின் உயிரணுக்கள் உயிர்வளியைப் பயன்படுத்த முடியாமல் செய்துவிடுகிறது. முளைவிட்ட சில நாட்களில் முளையின் நுனியில் இச்சேர்மம் உலர் எடையில் 30 விழுக்காடு வரை இருக்கும். பயிர் வளர வளரக் குறையும். முற்றிய மணியில் இருப்பதே இல்லை. வறட்சியும் மிகுதியான தழைச்சத்து உரமும் அதைக் கூட்டுகின்றன.

இச்சேர்மத்தை அறவே நீக்கினால் என்ன என்ற கேள்விக்கும் விடை கிடைத்திருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் முதல் நொதியின் மரபணு பழுதான, நச்சே இல்லாத சோளத்தைப் பிரித்தெடுத்தனர். அச்செடி இளம்பருவத்தில் மெதுவாகவே வளர்ந்தது. துர்ரின், மேய்வனவற்றை விரட்டும் காவல் மட்டுமாக இல்லாமல், தழைச்சத்தைச் சேமித்து வைத்துத் தேவையான நேரத்தில் திருப்பித் தரும் கையிருப்பாகவும் செயல்படுகிறது என்று இன்றைய ஆய்வுகள் கருதுகின்றன. ஆகவே தீவனச் சோளத்துக்கு நச்சில்லாமை ஒரு வரம். மேய்ச்சலுக்கு விடாமல் மணிக்காகவே விளைக்கும் சோளத்துக்கு அதே நச்சு பயிரின் காப்பு. இரண்டுக்கும் ஒரே அளவுகோலை வைக்கலாகாது.

மணியின் துவர்ப்புக்கும் இதே நியாயம் பொருந்தும்: பறவைக் கூட்டங்கள் கதிரைச் சூறையாடும் ஆப்பிரிக்க நிலங்களில் டானின் நிறைந்த மணி உழவரைக் காக்கிறது, பறவைத் தொல்லை குறைந்த இடத்தில் புரதம் செரிக்காமல் தடுக்கும் அதே டானின் வேண்டாததாகிறது.

சுடுமல்லி என்று தமிழ்நாட்டு உழவர்கள் அழைக்கும் வேர் ஒட்டுண்ணியின் கதை இன்னும் நுட்பமானது. தூசு போன்ற அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, சோள வேர் கசியவிடும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்னும் சேர்மத்தை உணர்ந்த பிறகே முளைத்து வேரைப் பற்றிக்கொள்ளும். அச்சேர்மத்தை வேர் கசியவிடுவது வேர்ப்பூஞ்சையை அழைத்து மணிச்சத்தைப் பெறுவதற்காக. ஒட்டுண்ணி அவ்வழைப்பை இடைமறித்துக் கேட்கிறது. எத்தியோப்பியாவில் பிறந்து, சூடானிலும் பின்னர் அமெரிக்காவிலும் பணியாற்றி, 2009-இல் உலக உணவுப் பரிசு பெற்ற கெபிசா எஜெட்டாவும் அவர் குழுவினரும் இவ்வொட்டுண்ணியைத் தாங்கும் சோள ரகங்களை உருவாக்கினர். அத்தாங்குதிறனுக்குக் காரணமான மரபணு 2017-இல் வெளியானது. அம்மரபணு இல்லாத சோளம் அச்சேர்மத்தின் வேறொரு வடிவத்தைக் கசியவிடுகிறது, ஒட்டுண்ணி விதை அதற்கு அவ்வளவாக முளைப்பதில்லை. இந்த இழப்பு ஆப்பிரிக்காவில் ஒட்டுண்ணி மிகுந்த பகுதிகளின் நாட்டு ரகங்களில்தான் கூடுதலாகக் காணப்படுகிறது. தொல்லை இல்லாத இடங்களில் சோளம் அம்மரபணுவை விடாமல் வைத்திருக்கிறது. எங்கே எதை விட வேண்டும், எங்கே எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தது அந்தந்த நிலமும் அங்கே விதை பொறுக்கி வைத்த பெண்களும் ஆண்களும்.

இவற்றோடு இன்னொரு கவலையும் சேர்கிறது. சோளப் பூ மிகச் சிறியது, ஒரே பூவில் ஆண் பெண் உறுப்புகள் இரண்டும் உள்ளன. கையால் மகரந்தப் பையை நீக்கி ஒட்டு விதையைப் பெருமளவில் உற்பத்தி செய்ய வழியில்லை. 1954-இல் ஸ்டீஃபன்ஸ், ஹாலந்து ஆகிய இருவரும், மைலோ வகையின் உயிரணுச் சாற்றில் காஃபிர் வகையின் உட்கருவைப் புகுத்தினால் மகரந்தம் வளமிழப்பதைக் கண்டறிந்து அத்தடையை நீக்கினர். இன்று உலகில் விளையும் சோள ஒட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தாய்வழியே அந்த ஒரே மைலோ உயிரணுச் சாற்றைத்தான் பெற்றிருக்கின்றன. இவ்வாறு ஒரே உயிரணுச் சாற்றை நம்பியிருந்த அமெரிக்க மக்காச்சோளம் 1970-இல் இலைக்கருகல் நோயால் பெருநாசம் கண்டது. சோளத்துக்கு மாற்று உயிரணுச் சாறுகள் கிடைக்காமல் இல்லை. அவற்றுள் ஒன்று மேலே சொன்ன மால்தண்டியிலிருந்து எடுக்கப்பட்டது. நாட்டு ரகத்தின் மதிப்பு மணியில் மட்டும் அடங்கியதன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

உலகின் சோள விதைச் சேகரிப்புகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று ஹைதராபாத்தை அடுத்த பட்டன்செருவில், இக்ரிசாட் நிறுவனத்தில் இருக்கிறது. 40,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள் அங்கே குளிரறையில் காக்கப்படுகின்றன. கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ராமையா மரபணு வங்கி உள்ளது. இவை இருக்கும்போது வயலில் ஏன் தேட வேண்டும் என்று கேட்கலாம். குளிரறையில் உள்ள விதை அது சேகரிக்கப்பட்ட ஆண்டிலேயே நின்றுவிடுகிறது. அதன் பிறகு மாறிய மழைக்கும் பூச்சிக்கும் வயலிலுள்ள விதைதான் ஈடுகொடுத்து மாறிக்கொண்டிருக்கிறது. மேலும் சேகரிப்பில் உள்ள மாதிரிகள் பலவற்றுக்கு ஊர்ப் பெயரும் ஆண்டும் இருக்கின்றனவே தவிர, எந்த மாதத்தில் விதைத்தார்கள், எந்த மண்ணில், தட்டை யாருக்கு, மணி எதற்கு என்ற விவரங்கள் இல்லை. அவ்விவரங்கள் இல்லாத மரபணுவைப் படிப்பது பாதியைப் படிப்பதே.

ஆகவே இக்கடிதம் உங்கள் முன் வைக்கும் வேண்டுகோள்கள் நடைமுறை சார்ந்தவை. ஆய்வேட்டுக்காக நாட்டுச் சோளத்தைச் சேகரிப்பவர்கள் ஒரே ஒரு நல்ல கதிரைப் பறித்துக்கொண்டு திரும்பாமல், ஒரு வயலில் ஐம்பது கதிர்களுக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். நாட்டு ரகம் ஒரு மக்கள்தொகை போன்றது, ஒரு கதிருக்குள் அது அடங்காது. விதைத்த உழவரிடம் ஆடியா, புரட்டாசியா, தையா என்று மாதத்தைத் தமிழ்ப் பெயரிலேயே கேட்டுக் குறிக்க வேண்டும், ஏனெனில் பகலின் நீளம் அதில்தான் அடங்கியிருக்கிறது. கல்லூரி வயலில் வசதிப்பட்ட பருவத்தில் விதைத்துவிட்டு, தாமதமாகப் பூக்கிறது என்று ஒரு ரகத்தைத் தள்ளுபடி செய்வது அந்த ரகத்துக்குச் செய்யும் அநீதி. அதன் சொந்தப் பருவத்தில் ஒருமுறையேனும் விதைத்துப் பார்க்க வேண்டும். சோளம் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் என்றாலும் பக்கத்துச் செடியின் மகரந்தமும் ஓரளவு கலந்துவிடும். பூ கதிரின் நுனியில் தொடங்கி நாளுக்கு நாள் கீழிறங்கி மலர்வதால், கதிர் தோகையுறையை விட்டு வெளிவந்ததும், நுனிப் பூ மலர்வதற்கு முன்பே, காகிதப் பையால் மூடிவிட வேண்டும். பின்னர் அளக்கும்போது மணியின் எடையோடு தட்டையின் உயரத்தையும் எடையையும், நடுநரம்பின் நிறத்தையும், தீவனமாகப் பயன்படும் ரகமாயின் இளம்பயிரின் சயனைடு அளவையும் ஒரே அட்டவணையில் ஒரே மதிப்போடு பதிய வேண்டும்.

ஆய்வேட்டுத் தலைப்பை இன்னும் உறுதி செய்யாதவர்கள், வரும் புரட்டாசிக்கு முன்னர் கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பகுதிக் கரிசல் ஊர்களுக்குச் சென்று, பழைய சோளத்தை இன்னும் விதைத்துக்கொண்டிருக்கும் முதியவர்களைத் தேடிப் பார்க்க வேண்டும். கிடைக்கும் விதையில் ஒரு பங்கை மரபணு வங்கிக்கு அனுப்பி, ஒரு பங்கைக் கல்லூரி வயலில் பெருக்கி, பெருக்கிய விதையை அடுத்த விதைப்புக்குள் அந்த ஊருக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.